மாடி இறங்கிய பேச்சு

ரஷீதா மச்சி என்னை ‘நீ’ என்று கூப்பிட்டுப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. இப்போதெல்லாம் ‘வாங்க’, ‘உக்காருங்க’, ‘டீ குடிக்கிறீங்களா’ என்றுதான் பேச்சு. பக்கத்தில் இருந்து கேட்பவர்களுக்கு அது மரியாதையாகத் தெரியும். அது என்னவென்று எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம், அவர் மனைவியை மச்சி என்போம். மூத்தவர் மொஹசின் காக்காவுக்கு வாழ்க்கைப்பட்டு, பழவேற்காட்டிலிருந்து ரஷீதா மச்சி திருவள்ளூருக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது, அவருக்குப் பதினெட்டு. அந்நியம் ஒன்றும் இல்லை. மச்சியின் வாப்பாவும் எங்கள் உம்மாவும் ஒரே பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள். ஆனால் எங்கள் உம்மா இந்தக் கல்யாணத்தைப் பார்க்கவில்லை. அதற்கு முந்தின ரமலானில் மவுத்தாகிவிட்டார். அதனால் புதுப்பெண்ணாக வந்தவர் வந்த மறுவாரமே எனக்குத் தலைவாரிவிட வேண்டியதாயிற்று. ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது முதுகில் ஒன்று வைத்ததும் அவர்தான். வாப்பாகூட அன்றைக்கு என்னை அடிக்கவில்லை. “டேய் தம்பி, படிக்காதவன் எந்த ஊட்லயும் கடைசிதான்டா உக்காரணும்” என்றார் மச்சி. அவர் சொன்னபடியே ஆயிற்று.

எங்கள் வாப்பா முஸ்தபாவுக்குக் கடைத்தெருவில் துண்டு, வேட்டிக் கடை. பெருமாள் கோயில் குளத்துக்கு அமாவாசைக்கு அமாவாசை வரும் கூட்டம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. முன்னால் கடை, பின்னால் வீடு, கடைக்கு மேலே ஒரு அறை. நிமிர்ந்து நின்றால் உத்தரம் தலையில் இடிக்கும். ஒரு பாய், ஒரு மண்கூஜா, வேறொன்றும் கிடையாது. அதைத்தான் மாடி என்போம். குடும்பத்தில் ஒரு காரியம் என்றால் ஆண்கள் அங்கே ஏறி உட்கார்ந்து மசூரா செய்வார்கள். கலந்து பேசி முடிவெடுப்பதற்கு எங்களில் அப்படிப் பெயர்.

மாடி என்ற சொல் எங்கள் வீட்டில் அந்த அறையோடு நிற்கவில்லை. ஒரு விஷயம் பேச்சில் இருக்கிறது என்றால் ‘மாடில இருக்கு’ என்போம். முடிவாகிவிட்டது என்றால் ‘மாடி இறங்கிடுச்சு’. யாராவது தானாக ஒன்று செய்துவிட்டால், ‘மாடி ஏறாத காரியம்’ என்று முகத்தைச் சுளிப்போம். கடைத்தெருவுக்கே இந்தப் பேச்சு பழகிப்போனது. கோயில் மடப்பள்ளியில் வேலை பார்த்த கிருஷ்ணஸ்வாமி துண்டு வாங்க வரும்போதெல்லாம் எதையாவது கேட்டுவிட்டுப் போவார். எங்கள் நடுக்காக்காவுக்குப் பெண் பார்த்து ஒரு வருஷம் இழுத்தபோது, “இன்னா பாய், மாப்பிள்ள மாடியில இருந்து எறங்கறதுக்குள்ள கிழவனாயிடுவாரு போல” என்றார். வாப்பாவே சிரித்துவிட்டார்.

வாப்பா வைத்த வழக்கம் இது. பாயில் உட்கார்ந்தவர்களில் வயதில் இளையவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். பெரியவர் முதலில் வாய் திறந்துவிட்டால் சின்னவருக்குத் தைரியம் வராது என்பார். ஒருவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று வைத்துக்கொள்வோம். யாருடைய காரியமோ அவர் மாடி ஏறக்கூடாது, கீழே இருக்க வேண்டும். அவர் முகத்துக்காக யாரும் பேச்சை மாற்றிவிடக் கூடாது அல்லவா. பெண்கள் எப்போதும் கீழேதான். டீயைக் கூடையில் வைத்து அனுப்புவார்கள், நாங்கள் கயிற்றைப் பிடித்து மேலே இழுத்துக்கொள்வோம். இறங்கிய பிறகு அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

அத்தனையும் நல்ல வழக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மச்சிக்குப் பழவேற்காட்டில் ஒரு வீடு இருந்தது. அவருடைய உம்மா அவர் பெயரில் எழுதிவைத்த வீடு. இரண்டு அறை, ஓட்டுக்கூரை, பின்னால் கிணறு. வருஷத்தில் ஒரு மாதம் போய்த் திறந்து, சுண்ணாம்பு அடித்து, இருந்துவிட்டு வருவார். நானும் சின்ன வயதில் கூடப் போயிருக்கிறேன். அங்கே மச்சி வேறு ஆள். சத்தமாகப் பேசுவார். வாசலில் மீன்காரியை நிற்கவைத்து அரைமணி நேரம் சண்டை போட்டுவிட்டு, அவளுக்கே டீ கொடுத்து அனுப்புவார். சாயங்காலம் யார் வீட்டுக்குப் போவது, நாளைக்கு என்ன ஆக்குவது, எல்லாம் அவர் சொல்வதுதான். திருவள்ளூர் பஸ் ஏறியதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பழையபடி ஆகிவிடுவார்.

அவர் மகன் அப்ரார் காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தான். தானே ஒரு யூனிட் போட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஷெட்டோடு ஒரு மனை விலைக்கு வந்தது. பழவேற்காட்டு வீட்டை விற்றால் வாங்கிவிடலாம் என்று பேச்சு கிளம்பி, மாடிக்குப் போயிற்று. அது இரண்டாயிரத்து ஒன்பது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து உட்காருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை நான் கடையில் தனியாக இருந்தேன். மச்சி பின்கட்டிலிருந்து வந்து, கீழே கிடந்த துண்டுகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். நாலைந்து துண்டு மடித்த பிறகுதான் பேசினார்.

“தம்பி, நாளைக்கு மாடில என் ஊட்டுப் பேச்சு வருது.”

“தெரியும் மச்சி.”

“அப்ரார் காரியம்ன்றதால அவன் ஏறமாட்டான். அப்போ உன்னைத்தான் மொதல்ல கேப்பாங்க. விக்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு. உங்க காக்கா மொத வார்த்தையில சாயற ஆளு. அந்த ஒரு வார்த்தை போதும்.”

அப்ரார் ஷெட்டை வாடகைக்குப் பிடிக்கலாம், இரண்டு வருஷம் பொறுக்கலாம் என்று மச்சியே யோசித்து வைத்திருந்தார். நான் சொல்ல வேண்டியதை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைக்குக் குறுக்கே நிற்கிறேன் என்று நினைக்காதே என்றார். பிறகு கையிலிருந்த துண்டை வைத்துவிட்டுச் சொன்னார்.

“இங்க நாப்பத்தஞ்சு வருசமா இருந்துக்கினு கீறேன். இன்னும் நான் வந்தவதான். அங்க கதவத் தொறந்தா நான் ஊட்டுக்காரி. அவ்ளோதான் தம்பி.”

“சொல்றேன் மச்சி. இதுக்குப் போயி ஏன் பேஜாராவறீங்க” என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மேலே நாலு பேர் உட்கார்ந்தோம். மொஹசின் காக்கா, நடுக்காக்கா, எங்கள் ராத்தாவை, அதாவது அக்காவைக் கட்டிய மச்சான், நான். எனக்கு அப்போது ஐம்பத்துநாலு வயது. தாடி நரைத்துவிட்டது. அந்தப் பாயில் மட்டும் நான் இன்னும் சின்னப்பையன். மொஹசின் காக்கா விஷயத்தைச் சொல்லிவிட்டு, ‘நீ சொல்லு’ என்று என் பக்கம் திரும்பினார்.

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து கயிறு ஆடியது. டீ வந்துவிட்டது. காக்காவே கூடையை இழுத்து, முதல் கிளாஸை என் முன்னால் வைத்தார். வழக்கமாக எனக்குக் கடைசியில்தான் வரும். வைத்துவிட்டு, உன் மகள் விஷயத்தை அடுத்த வெள்ளிக்கிழமை பேசிவிடலாம், எனக்கும் அந்த மாப்பிள்ளை பிடித்திருக்கிறது என்று சொன்னார். என் மகள் நஜ்மாவுக்கு கும்மிடிப்பூண்டியில் ஒரு இடம் வந்திருந்தது. நடுக்காக்கா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மொஹசின் காக்கா ஆதரித்தால்தான் அது நடக்கும்.

காக்கா கணக்குப் போட்டு அதைச் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கணக்குப் போட்டது நான்தான். இன்றைக்கு அவர் மகன் காரியத்தில் குறுக்கே பேசிவிட்டு, அடுத்த வாரம் என் மகளுக்காக எந்த முகத்தோடு உட்காருவது? மச்சி சொல்லிக்கொடுத்த அத்தனை வரியும் நாக்கு நுனியில் இருந்தது. டீயை ஒரு வாய் குடித்தேன். “பெரியவங்க பாத்துச் செய்யுங்க” என்றேன்.

அவ்வளவுதான். அடுத்து மச்சான், அடுத்து நடுக்காக்கா. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் முடிந்துவிட்டது.

இறங்கி வந்தபோது மச்சி கடைசிப் படிக்குப் பக்கத்தில் காலி கிளாஸ் வாங்குவதற்காக நின்றிருந்தார். மற்றவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். “தம்பி, இன்னா சொன்ன?” என்று கேட்டார்.

“எல்லாரும் சேந்து ஒரு முடிவு எடுத்தாங்க மச்சி.”

“நான் எல்லாரையும் கேக்கல. நீ இன்னா சொன்ன?”

நான் படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் கையிலிருந்த கிளாஸை வாங்கிக்கொண்டார். அதில் பாதி டீ அப்படியே இருந்தது.

“சரி. தொழுதுட்டு வந்து சாப்பிடுங்க” என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது இந்த ‘ங்க’.

பொன்னேரியில் பத்திரம் எழுதின அன்று நானும் கூடப் போனேன். மச்சி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். என்னைவிட அழகான எழுத்து. வாங்கியவரின் மனைவியும் வந்திருந்தாள். வெளியே வந்ததும் மச்சி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மழைக்காலத்தில் பின்கதவு இறுகிக்கொள்ளும், இழுத்தால் வராது, கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். கையாலேயே செய்து காட்டினார், வெறும் காற்றில் கதவைத் தூக்கித் தள்ளுகிற மாதிரி. அந்தப் பெண் தலையாட்டினாள். வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாமா என்று அப்ரார் கேட்டான். வேண்டாம், நேரமாகிவிட்டது என்று வண்டியில் ஏறிவிட்டார்.

அப்ராரின் யூனிட் நன்றாக ஓடியது. நட்டமாகியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியிருக்கிறது, அல்லாஹ் மன்னிக்கட்டும். அன்றைக்குச் செய்தது தப்பு என்று யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்களே. மாடி எடுத்த முடிவு எப்படி என்று எல்லாரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். என் மகள் நஜ்மாவின் நிக்காஹும் நல்லபடியாக நடந்தது. மூன்று நாள் அடுப்படியை விட்டு மச்சி நகரவில்லை. பிரியாணிக்கு உப்புப் பார்த்ததும் அவர்தான், மணப்பெண்ணுக்குப் பூ வைத்ததும் அவர்தான். நடுவில் என்னைப் பார்த்து, “நாஷ்டா சாப்ட்டீங்களா?” என்று கேட்டார். அதைக் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரி, “உங்க மச்சி உங்களுக்கு ரொம்பத்தான் மரியாதை குடுக்கறாங்க. இன்னா பண்ணீங்க?” என்றாள். வயசாகுது இல்ல என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரே ஒரு தடவை வாய் திறந்தேன். அரக்கோணத்தில் ஒரு மையித்து அடக்கத்துக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். கடம்பத்தூரில் வண்டி நின்றது. கீரைக்கட்டோடு பெண்கள் ஏறினார்கள். எங்கள் பெட்டியில் எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. “மச்சி, அன்னிக்கு மாடில நான்...” என்று ஆரம்பித்தேன். மச்சி ஜன்னலை விட்டுத் திரும்பாமலே சொன்னார்.

“மாடி எறங்கினதப் பத்திப் பேசக்கூடாது சின்னவரே. உங்க வாப்பா வச்ச வழக்கம்.”

திருவள்ளூர் வரும்வரைக்கும் கீரைக்காரப் பெண்கள்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

மொஹசின் காக்கா போய் ஐந்து வருஷம் ஆகிறது. அதற்கு முன்னாலேயே நடுக்காக்காவும் மச்சானும் போய்விட்டார்கள். மாடி ஏற யாருக்கும் கால் இல்லை. அந்த அறையில் துண்டு பேல்களை அடுக்கிவிட்டோம். அப்ராரின் மகள் ரமீஸா படித்த பெண், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை செய்கிறாள். அவள்தான் எல்லாருடைய போனையும் வாங்கி, வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் போட்டு, அதற்கு ‘மாடி’ என்று பெயர் வைத்தாள். பெண்களும் அதில் இருக்கிறார்கள். எனக்கு எழுத்துக் கூட்டி அடிக்க நேரமாகும் என்று, பட்டனை அமுக்கிக்கொண்டு பேசினால் போதும் என்று காட்டிக்கொடுத்தாள். மச்சியிடம் இருப்பது பட்டன் வைத்த பழைய போன். அவர் அந்த மாடியிலும் இல்லை.

போன மாதம் அப்ரார் குரூப்பில் ஒரு விஷயம் போட்டான். கும்மிடிப்பூண்டியில் இரண்டாவது யூனிட் ஆரம்பித்துவிட்டதால், வீட்டையும் அங்கேயே மாற்றப்போகிறான். ஐந்தாவது மாடியில் ஃப்ளாட். உம்மாவுக்கு முட்டிவலி, அங்கே சரிப்படுமா, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தான்.

அல்லாஹ் இரண்டாவது தடவை வாசலைத் திறந்துவிட்டான் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லாமல் மறுநாள் காலையிலேயே பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். மச்சியின் தெருவிலேயே, பழைய வீட்டுக்கு நேர் எதிரில், ஒரு வீடு வாடகைக்கு இருந்தது. தரைமட்டம், படி கிடையாது. கூடமாட இருக்க மச்சியின் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண்ணும் கிடைத்தாள். அங்கிருந்தே பட்டனை அமுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மச்சி கடைசிக் காலத்தில் சொந்த ஊரில், சொந்தத் தெருவில் இருக்கட்டும் என்று சொன்னேன். என் குரலை நானே திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டேன். நன்றாக இருந்தது.

வழக்கப்படி இளையவள் முதலில். ரமீஸாவின் குரல் வந்தது. மச்சியை அவள் வாப்பும்மா என்பாள். “சின்ன தாத்தா, நல்லா இருக்கு. ஆனா வாப்பும்மாவக் கேட்டீங்களா?”

அவளுக்கு வழக்கம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். யாருடைய காரியமோ அவர் மாடி ஏறக்கூடாது என்று பொறுமையாக விளக்கினேன். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சரி என்றார்கள். இப்போது நான்தான் எல்லாருக்கும் மூத்தவன். கடைசி வார்த்தை என்னுடையது. மச்சி பழவேற்காட்டுக்குப் போகட்டும் என்று சொல்லி முடித்தேன். அறுபத்தொன்பது வயதில் மாடியில் நான் பேசின முதல் முழுப் பேச்சு அது.

திருவள்ளூர் திரும்பி, நேராக மச்சி இருக்கும் அப்ரார் வீட்டுக்குப் போனேன். மச்சி நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கிற காலைச் சின்ன முக்காலியில் நீட்டியிருந்தார். “வாங்க” என்றார். மருமகளைக் கூப்பிட்டு எனக்கு டீ வைக்கச் சொன்னார். டீ வந்தது. நான் பழவேற்காட்டு முடிவைச் சொன்னேன்.

“எந்த ஊட்டுக்கு?” என்று கேட்டார்.

“உங்க தெருதான் மச்சி. உங்க ஊட்டுக்கு நேர் எதிர் ஊடு.”

“எதிர் ஊடா.” கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தார். “அந்த ஊட்டு ஜன்னல்ல உக்காந்தா எங்க வாசல்தான் தெரியும். காலைல எழுந்தா அதத்தான் பாக்கணும். யாரோ தொறப்பாங்க, யாரோ மூடுவாங்க.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அந்தத் தெருவில் நின்று மச்சியின் பழைய வீட்டைப் பார்த்தவன்தான். வர்ணம் மாற்றிவிட்டார்கள், வாசலில் இரும்புக் கேட் போட்டிருக்கிறார்கள் என்றுகூடப் பார்த்தேன். மச்சி அதை உட்கார்ந்து பார்க்க வேண்டுமே என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

“முடிவு பண்ணிட்டீங்களா?” என்றார்.

“பண்ணியாச்சு மச்சி. நான்தான் கடைசி வார்த்தை சொன்னேன்.”

“என்னைக் கேக்கணும்னு தோணலியா?”

“காரியம் உங்களோடது, அதனால...”

“ஆமா. அதான் கீழ உக்காந்துக்கினு கீறேன்.” கோபமாகச் சொல்லவில்லை. கடையில் துண்டு மடித்துக்கொண்டே பேசின அதே குரல். “எறங்கிடுச்சு இல்ல. எப்போ கிளம்பணும்னு மட்டும் சொல்லுங்க சின்னவரே. துணிமணி எடுத்து வச்சிக்கிறேன்.”

அப்படி இல்லை மச்சி, வேண்டாம் என்றால் வேண்டாம், நான் திருப்பிச் சொல்லிவிடுகிறேன் என்றேன். கும்மிடிப்பூண்டியா, பழவேற்காடா, இல்லை திருவள்ளூரிலேயே என்னோடு இருக்கிறீர்களா, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் வாழ்க்கைப்பட்ட இடத்தில் அறுபது வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. கேட்கும்போதே அது எவ்வளவு தாமதம் என்று தெரிந்தது.

மச்சி ஒன்றும் சொல்லவில்லை. மாடியாக இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்தவரைப் பார்த்திருப்போம். அங்கே அடுத்தவர் யாரும் இல்லை.

என் சட்டைப்பையில் போன் சத்தம் கொடுத்தது. குரூப்பில் ரமீஸாவின் குரல்தான். எடுத்துக் காதில் வைத்தேன். “வாப்பும்மா இன்னா சொன்னாங்க சின்ன தாத்தா?”

பதில் சொல்லப் பட்டனை அமுக்கினேன். விரலை எடுத்தேன். மூன்று நொடி, வெறும் சத்தமில்லாத மெசேஜாக அது மாடிக்குப் போய்விட்டது.

“டீ ஆறுது” என்றார் மச்சி. “குடிங்க.”